அத்தை கன்னத்து உப்பு

என் அத்தையின் கன்னத்தில் உப்பு விளைந்ததை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளைச் சுவரோடு சாய்த்துவிட்டு அத்தை நின்றுகொண்டிருந்தாள். நெற்றியிலிருந்து தாடை வரை வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. கறுப்பு டி-சர்ட்டின் முதுகிலும் வெள்ளைக் கோடுகள், பூகோளப் புத்தகத்தில் தீவு வரைந்திருப்பதைப் போல. நான் அவள் கன்னத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, உப்பு.

“கடலோரமாவே போயிட்டு வந்தேன் இல்ல, ஒட்டிக்கிச்சு” என்றாள் அத்தை.

நம்பினேன். கடலே வந்து ஒட்டிக்கொள்கிற ஆள் சாதாரண ஆளாக இருக்க முடியாது என்றும் முடிவு செய்தேன். அந்த வருடம் நான் புதுநன்மைக்காக மறைக்கல்வி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். பூசையில் சாமியார் கொடுக்கிற அப்பத்தை, அதாவது நன்மையை, முதன்முதலாக வாங்கப்போகிற பிள்ளைகளுக்கு நடத்துகிற வகுப்பு அது. ஒருவரைப் புனிதர் என்று அறிவிக்க வேண்டுமானால் அவர் பேரில் அற்புதங்கள் நடந்திருக்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். அதெல்லாம் அவர் இறந்த பிறகு என்றும் சொல்லியிருப்பார், அது என் காதில் விழவில்லை. உப்பை நான் முதலாவது அற்புதமாகக் குறித்துக்கொண்டேன்.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். வயது முப்பத்தொன்று. கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பேச்சு அடிக்கடி எழுந்ததால் தூரமும் நீண்டுகொண்டே போனது. முதலில் பெசன்ட் நகர், பிறகு நீலாங்கரை, பிறகு கோவளம், கடைசியில் மகாபலிபுரம். போக வர நூறு கிலோமீட்டர். என் பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. அதற்கே எனக்கு ஆட்டோ வேண்டும். அதனால் நூறு என்று அவள் சொன்னபோது எனக்கு வாய் மூட மறந்துவிட்டது.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் வேளாங்கண்ணித் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்னால் எங்கள் கோயில் பங்கிலிருந்து இருபது பேர் சைக்கிளிலேயே வேளாங்கண்ணிக்குப் போவார்கள். எல்லோரும் காவி பனியன் போட்டுக்கொண்டு, ஹேண்டில்பாரில் மாதா படத்தைக் கட்டிக்கொண்டு, நான்கு நாள் மிதிப்பார்கள். பின்னாலேயே ஒரு குட்டியானை வண்டி அரிசி மூட்டை, அடுப்பு, அண்டா, சமைப்பதற்கு இரண்டு மூன்று அக்காக்கள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு உருண்டு போகும். அதுவரை எந்தப் பெண்ணும் சைக்கிளில் போனதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். அத்தை கேட்டுவிட்டாள்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் எங்கள் தெருவின் பிளம்பர். எங்கள் வீட்டுக் குழாய்கள் எல்லாம் அவர் கை பட்டவை.

“எனக்கு இன்னா டீச்சர் கீது? அண்ணன் சரின்னு ஒரு வார்த்த சொல்லட்டும்” என்றார் அவர். “ஆனா ஒண்ணு. வழில நாக்கு தள்ளிச்சுன்னா தூக்கிக் குட்டியானைல போட்டுக்கினு பூடுவேன். அப்பால கோச்சுக்கக் கூடாது.”

அண்ணன் என்றால் என் அப்பா. ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவர். தாத்தா போன பிறகு தங்கைக்குத் தான்தான் பொறுப்பு என்று எழுந்திருக்கும்போதும் படுக்கும்போதும் நினைத்துக்கொள்பவர். உடம்பைப் பற்றி அவருக்கு ஒரே கொள்கை. சாப்பிட்டால் ஆரோக்கியம், சாப்பிடாவிட்டால் நோய். நடுவில் வேறு ஒரு நிலை இருப்பதாக அவர் ஒப்புக்கொண்டதே இல்லை.

உப்பு விளைந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை முகத்தைக் கழுவிக்கொண்டு எங்களோடு பூசைக்கு வந்தாள், நன்மை வாங்கினாள். ஒரு மணிக்கு எல்லோரும் மேசையில் உட்கார்ந்தோம். ஞாயிறு என்றால் ஆட்டுக்கறிக் குழம்பு. அம்மா சட்டியின் மூடியைத் திறந்தாள். பட்டையும் சோம்பும் வதங்கின வெங்காயமுமாக ஆவி எழுந்ததுதான் தாமதம், அத்தை நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குளியலறைக்கு ஓடினாள். அங்கிருந்து வந்த சத்தத்தை எழுதிக் காட்ட முடியாது. அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

அத்தை திரும்பி வந்தபோது அவள் உதடு வெளுத்திருந்தது. அம்மா கேட்டது ஒரே கேள்வி.

“காலைலேர்ந்து எத்தன தடவ ஒண்ணுக்குப் போனே?”

“ஒரே தடவதான் அண்ணி.”

“மஞ்சளா இருந்துச்சா?”

“சாப்பாட்டு மேசைல பேசற பேச்சா இது?” என்றார் அப்பா.

அம்மா ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். அந்த மாதம் அவளுக்கு இரவு டூட்டி. காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, பூசைக்குப் போய், வந்து சமைத்து, எங்களுக்குப் போட்டுவிட்டுத்தான் படுப்பாள். அவள் பேசுவதே குறைவு.

“உடம்புல உப்பு இறங்கியிருக்கு, அதான் பொரட்டுது. வெறும் சக்கரத் தண்ணியா குடிச்சா இன்னும் பொரட்டும்” என்றாள்.

“இது உன் வார்டு இல்ல” என்றார் அப்பா.

அம்மா சட்டியை மூடினாள். அதற்குப் பிறகு அந்த விஷயத்தைப் பற்றி அவள் வாய் திறந்து நான் கேட்கவில்லை.

அப்பா கொஞ்ச நேரம் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு தீர்ப்புச் சொன்னார். “நாலு நாள் வெயில்ல மிதிக்கணும். ஒரு வேள சோறு உள்ள போகலன்னா ரோட்டுலயே விழுந்துடுவே. பின்னால லாரி வரும். அதனால ஒண்ணு சொல்றேன். மூணு ஞாயிறு மகாபலிபுரம் போயிட்டு வா. வந்து எங்களோட உக்காந்து, தட்டுல போட்டத சாப்பிட்டுட்டு எழுந்திரு. அப்படிச் செஞ்சேன்னா நானே கொடியசைச்சு அனுப்பறேன்.”

“சரிண்ணே” என்றாள் அத்தை. நூறு கிலோமீட்டர் அவளுக்குப் பிரச்சினையே இல்லை. அதற்குப் பிறகு வருகிற ஒரு தட்டுச் சோறுதான் மலையாக நின்றது.

செய்தி தெருவில் பரவியது. ஆளுக்கு ஒரு வைத்தியம் வந்தது. எதிர்வீட்டு அக்கா இஞ்சி முரப்பா கொடுத்தார். பாடகர் குழுவில் இருந்த ஒருவர், எலுமிச்சம்பழத்தை ஹேண்டில்பாரில் கட்டி முகர்ந்துகொண்டே போகச் சொன்னார். யாரோ வேளாங்கண்ணி எண்ணெய் கொண்டுவந்து தொப்புளைச் சுற்றித் தடவச் சொன்னார்கள். அத்தை அறிவியல் டீச்சர்தான். ஆனாலும் எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். அப்பா தன் பங்குக்குப் பெரிய டப்பா க்ளுக்கோஸ் வாங்கிவந்து, பாட்டிலுக்கு ஆறு கரண்டி என்று கட்டளையிட்டார். அந்த டப்பாவை எடுத்துவைப்பதும், சனிக்கிழமை டூட்டிக்குக் கிளம்புமுன் பாட்டில்களில் கலந்துவைப்பதும் அம்மா பொறுப்பு. அவள் பார்க்காதபோது ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொள்வது என் பொறுப்பு.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. நன்மை வாங்குகிறவர்கள் முந்தின நாள் நடுராத்திரியிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். தாத்தா போட்டது, அப்பா காத்துவந்தது. தண்ணீர் மட்டும் பரவாயில்லை. க்ளுக்கோஸ் தண்ணீர்தான் என்பது அப்பா சொந்தமாகக் கண்டுபிடித்த இறையியல். ஆக அத்தை விடியுமுன் வெறும் வயிற்றோடு அடையாறு பாலத்தைத் தாண்டி, வெறும் வயிற்றோடு மகாபலிபுரத்தைத் தொட்டு, வெறும் வயிற்றோடு திரும்பி, பூசையும் கண்டு, பதினொரு மணிக்குத்தான் ஒரு வாய் காபி குடிப்பாள். ஊரில் இருந்த வைத்தியமெல்லாம் யோசித்தவர்களில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை. எங்களைப் போன்ற வீடுகளுக்கே உரிய குருட்டுத்தனம் அது.

முதல் சோதனை ஞாயிறு வந்தது. அத்தை வந்தாள், கன்னத்தில் உப்பு. ஒரு மணிக்கு மேசையில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்து நாற்காலி என்னுடையது. தட்டில் சோறு, குழம்பு, நான்கைந்து கறித்துண்டு. அவள் மூக்கால் மூச்சு விடுவதை நிறுத்திவிட்டாள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. உலகத்திலேயே பெரிய ஆள் என்று நான் நினைத்திருந்தவள் ஒரு தட்டைப் பார்த்துப் பயப்படுவதை அன்றுதான் பார்த்தேன்.

அப்பா உணவுக்கு முன் செபத்தைத் தொடங்கினார். அவருடைய செபம் சின்னதல்ல. முதலில் எல்லோரும் சொல்கிற வரிகள், பிறகு பங்குக்காக, நோயாளிகளுக்காக, பட்டறைத் தொழிலாளர்களுக்காக, கடைசியில் எங்கள் குடும்பத்தில் இறந்துபோன எல்லோருக்காகவும் வயது வரிசையில். அதுவரை கண்ணைத் திறக்க மாட்டார். தாத்தாவின் பெயர் வந்தபோது ஒரு துண்டு அத்தையின் தட்டிலிருந்து என் தட்டுக்கு நகர்ந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் அதை வாயில் போட்டுக்கொண்டேன். சின்னத் தாத்தாவின் பெயர் முடிவதற்குள் இன்னும் மூன்று வந்து சேர்ந்தன.

சாப்பாட்டு விஷயத்தில் நான் வீட்டில் பெயர் கெட்டவள். ஒரு இட்லிக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறவள். அன்றைக்கு நான்கு துண்டு தின்றேன். அப்பா கண்ணைத் திறந்து இரண்டு தட்டையும் பார்த்து மகிழ்ந்துபோனார். அத்தை மிச்சச் சோற்றை ரசத்தில் கரைத்துக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

“பாத்தியா, பழகிடுச்சு. இவளுக்கும் பசி வந்துடுச்சு” என்றார் அப்பா.

அம்மா என் தட்டில் குவிந்திருந்த எலும்புகளைப் பார்த்தாள். எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

இரண்டாவது ஞாயிறும் இதேதான், துண்டுதான் ஐந்தாகிவிட்டது. அன்று மத்தியானம் அத்தை கழுத்தில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு தரையில் படுத்திருந்தாள். ஒன்பது துண்டுக் கறியைச் சுமந்த வீராங்கனையான நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்தேன்.

“வலிக்குதா குட்டி?”

“இல்ல அத்தை. உங்களுக்கு ஏன் பசிக்கவே மாட்டேங்குது?”

“தெரியல. கோவளம் தாண்டினதும் வயிறு கதவச் சாத்திக்குது. எவ்ளோ தட்டினாலும் தொறக்காது. வீட்டுக்கு வந்தப்புறமும் தொறக்க மாட்டேங்குது.” கழுத்துத் துண்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். “உன்ன வச்சு அண்ணன ஏமாத்திடலாம். ரோட்டுல நீ இருக்க மாட்டியே. மூணாவது நாள் சிதம்பரம் தாண்டி நான் கவுந்துட்டேன்னா, பொம்பளைய கூட்டிட்டு வந்ததே தப்புன்னு சொல்லிடுவாங்க. எனக்கப்புறம் எவளும் கேக்கவே முடியாது.”

அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. அவள் போக வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. அவள் மட்டும் போய்விட்டால் உலகத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்று ஒரு நினைப்பு.

அந்த வாரம் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, க்ளுக்கோஸ் டப்பாவைத் திறந்து பார்த்தேன். இரண்டு ஞாயிறு அத்தை எடுத்துப்போயிருக்கிறாள், ஒவ்வொரு முறையும் மூன்று பாட்டில், பாட்டிலுக்கு ஆறு கரண்டி. டப்பா குறையவே இல்லை. நான் திருடிய அளவுக்கு மட்டும் ஒரு குழி விழுந்திருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இரண்டாவது அற்புதம்.

மற்றொன்று மறைக்கல்வி வகுப்பில். நன்மை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வரை சாப்பிடலாம் என்றார் சிஸ்டர். தண்ணீருக்கும் மருந்துக்கும் அதுகூட இல்லையாம். நான் வீட்டுக்கு வந்து சொன்னேன்.

“ஒரு மணி நேரமா? அந்த சிஸ்டர் சின்னப் பொண்ணு, அதுக்கு என்ன தெரியும்” என்ற அப்பா, மனசு கேட்காமல் சாயங்காலமே பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஒரு மணி நேரம்தானாம்” என்றார். “எங்கப்பா காலத்துலயே மாத்திட்டாங்களாம். அவருக்கு யாரும் சொல்லல போலிருக்கு.”

வாழ்நாள் முழுக்கக் காரணமில்லாமல் பட்டினி கிடந்த தன் அப்பாவை நினைத்தாரோ என்னவோ, எழுந்து போய்த் தாத்தா படத்தின் மேலிருந்த தூசியைத் துடைத்தார். பிறகு அத்தையிடம், “போற வழில ஏதாவது எடுத்துட்டுப் போய்ச் சாப்பிடு” என்றார். அவருக்கு அது பெரிய சரணாகதி.

சனிக்கிழமை எங்களுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். மரப் பெட்டிக்குள் சாமியார் உட்கார்ந்திருக்க, சல்லடை போட்ட ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நான் முழங்காலில் நின்றேன். என் பாவங்களில் பெரியது எது என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

“ஃபாதர், சாப்பாட்டு செபம் சொல்லும்போது அத்தை தட்டுலேர்ந்து கறி எடுத்துத் தின்னுட்டேன்.”

“எத்தன தடவ?”

“ரெண்டு ஞாயிறு. மொத்தம் ஒம்போது துண்டு.”

உள்ளே இருமல் கேட்டது. கொஞ்சம் நீண்ட இருமல்.

“அத்தைக்குத் தெரியாம எடுத்தியா?”

“அத்தைதான் தள்ளிவிட்டாங்க ஃபாதர்.”

மறுபடியும் இருமல். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, “இனிமே அவங்க தட்டு அவங்களுக்கு, உன் தட்டு உனக்கு. மூணு அருள் நிறை மந்திரம் சொல்லு” என்றார்.

மாதாவை வேண்டுகிற அந்த மந்திரத்தைச் சொல்வது சுலபம். அத்தையிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவளைச் சமையலறை வாசலில் பிடித்துக்கொண்டு விம்மினேன். “நாளைக்கு என்னால முடியாது அத்தை. கூடாதுன்னு சாமியார் சொல்லிட்டார்.”

அத்தையின் முகம் ஒரு கணம் விழுந்தது. பிறகு என் தலையைத் தடவினாள். “நல்லதுதான் குட்டி. நாளைக்கு நானாச்சு, தட்டாச்சு.” அம்மா உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது ஞாயிறு அத்தை ஒரு டப்பாவில் பொடி தடவிய இட்லி எடுத்துப்போனாள். பசிக்கும் முன்னாலேயே ஒரு மணிக்கு ஒரு முறை நிறுத்தி, அரை இட்லி, நாலு வாய் தண்ணீர், கடைசி அரை இட்லி நீலாங்கரையில் எட்டு மணிக்கு. வந்து இறங்கினாள். கன்னத்தில் உப்பு இருந்தது. முகம் மட்டும் முன்போல் வெளுத்திருக்கவில்லை.

“தொறந்துச்சா?” என்று கேட்டேன்.

“கதவு தொறக்கல. ஜன்னல் லேசா தொறந்துக்கிச்சு.”

ஜன்னல் போதாது என்று எனக்குத் தெரியும். பூசை முழுக்க நான் வேறு எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. அந்தக் குழம்புச் சட்டி திறக்கும்போது அவள் ஓடிவிடக் கூடாது, அவ்வளவுதான் என் மன்றாட்டு. பூசை முடிந்து வீட்டுப் படியேறும்போதே மூக்கை நீட்டினேன். குழம்பு வாசனையே இல்லை.

“கேஸ் தீந்துபோச்சு” என்று அம்மா அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “காலைல சோறு வடிச்சதும் அணைஞ்சிடுச்சு.”

“இன்னிக்குப் பாத்தா?”

“அது நாள் பாத்தா தீரும்?”

எங்களிடம் இருந்தது ஒற்றைச் சிலிண்டர். அப்பா வாங்கிவந்த கறி ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது. மேசையில் ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தயிர்சோறு. ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்ததில் பாத்திரத்தின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தது. வெள்ளரிக்காய் பொடிப்பொடியாய் நறுக்கிப் போட்டிருந்தாள், உப்புத் தூக்கலாக. பக்கத்தில் எலுமிச்சை ஊறுகாய். ஆவியில்லை, மணமில்லை.

அப்பா செபம் சொன்னார். நான் என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். பெரிய தாத்தா, சின்னத் தாத்தா எல்லோரும் வந்து போனார்கள். அப்பா கண்ணைத் திறந்து, தங்கையின் தட்டையே பார்த்தார்.

அத்தை முதலில் நாலு பருக்கை எடுத்து நாக்கில் வைத்தாள். காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். விழுங்கினாள். பிறகு ஒரு விரல் ஊறுகாய். பிறகு ஒரு சின்ன உருண்டை. அதற்குப் பிறகு அவள் கை நிற்கவில்லை. அள்ளினாள், உருட்டினாள், விழுங்கினாள். நாங்கள் மூன்று பேரும் சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். தட்டு காலியானதும் நிமிர்ந்து, “அண்ணி, இன்னும் கொஞ்சம் போடுங்க” என்றாள். அந்தக் குரலில் பசி இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கடலைப் பிளந்து வழி விட்டதாக வகுப்பில் கேட்டபோதுகூட எனக்கு அப்படி ஆகவில்லை.

அப்பா கொஞ்ச நேரம் தனக்குள் வாதாடினார். தயிர்சோறு கணக்கில் சேருமா சேராதா என்பது அவர் முகத்திலேயே ஓடியது. கடைசியில், “தட்டுல போட்டதுன்னுதானே சொன்னேன், கறின்னு சொல்லலியே” என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, பிளம்பருக்குப் போன் போட எழுந்து போனார். போகிற போக்கில் தங்கையின் தலையில் ஒரு குட்டு. அவர் கண் கலங்கியிருந்தது. அவர் இத்தனை நாளும் கோபப்படவில்லை, பயந்துகொண்டிருந்தார் என்று அப்போது லேசாகத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். அம்மா தூங்கி எழுந்து அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நீல நிறத்தில், நன்றாக. மேலே பால் பொங்கிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சிலிண்டர் வண்டி வராது. யாரும் எதையும் கொண்டுவந்து மாட்டவில்லை. காலையில் தீர்ந்துபோன அதே சிலிண்டர்தான். மூன்றாவது அற்புதம் என் கண்ணெதிரே எரிந்துகொண்டிருந்தது. நான் அங்கேயே, ஈரத் தரையில், முழங்காலில் விழுந்தேன்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். “என்னடி?”

“ஒண்ணுமில்லம்மா.”

அவள் என்னையும் பார்த்தாள், அடுப்பையும் பார்த்தாள். “எழுந்திரு, பாவாட நனையுது” என்றாள்.

அத்தை அந்த ஆகஸ்டில் காவி பனியன் போட்டுக்கொண்டு போனாள். அப்பா நிஜமாகவே கோயில் வாசலில் ஒரு பச்சைத் துண்டை அசைத்தார். பத்து நாள் கழித்து அவர்கள் வண்டியில் திரும்பி வந்தபோது, பிளம்பர் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்.

“அண்ணே, டீச்சர் ஒரு தபா கூட வண்டில குந்தல. நம்ம பசங்கதான் நாலு பேரு கவுந்துட்டானுங்க. வாந்தி எட்த்துக்கினு கெடந்தவனுங்களுக்கு டீச்சர்தான் உப்பு போட்டுத் தண்ணி கலக்கிக் குட்த்தாங்க. மோர்சோறு மட்டும் துன்னுங்கடான்னாங்க. அடுத்த வர்சம் நம்ம அக்காங்க ரெண்டு பேரும் சைக்கிள்ள வராங்களாம்.”

குட்டியானையில் சமைக்கப் போன அக்காக்களைச் சொன்னார். மூன்று அற்புதத்தையும் நான் வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். சிஸ்டர் என்னை மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. பல வருடம் அதை நான் அப்படியே வைத்திருந்தேன்.

இப்போது நான் அடையாறில் ஒரு தோழியோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். போன மாதம் ஒரு காலையில் பால் பாதி காய்ந்த நிலையில் அடுப்பு அணைந்துவிட்டது. லைட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். சிலிண்டரை ஆட்டிப் பார்த்தேன். தீர்ந்த சிலிண்டர் தீர்ந்ததுதான். அந்த ஆறின பாலுக்கு முன்னால் நின்றுகொண்டு, ரெகுலேட்டரின் குமிழில் கை வைத்தபோது, அதைத் திருகி மூடுவது எவ்வளவு சுலபம் என்று என் விரலுக்குத்தான் முதலில் தெரிந்தது. அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“அன்னிக்கு கேஸ் தீரவே இல்லதானே?”

“எந்த கேஸ்?” என்றாள் அம்மா. “டூட்டிக்கு நேரமாச்சு, வச்சிடறேன்.”

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. அந்தத் தயிர்சோற்று ஞாயிறுக்கு அடுத்த வாரம் எங்களுக்குப் புதுநன்மை. முந்தின நாள் மாலை பெற்றோர்களும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா டூட்டிக்குப் போகிற யூனிபார்மோடு நேராக வந்து வரிசையில் நின்றாள். அவள் முறை வந்தது. மரப் பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று ஏதோ சொன்னாள். அதிக நேரம் ஆகவில்லை. உள்ளேயிருந்து இருமல் கேட்டது, எனக்கு நன்றாகத் தெரிந்த அதே இருமல், இந்த முறை இன்னும் நீளமாக. அம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் மண்டியிட்டு, கண்ணை மூடி, மூன்று அருள் நிறை மந்திரம் சொன்னாள். நான் அவள் உதட்டைப் பார்த்து எண்ணினேன். ஒரு புனிதையோடு ஒரே வீட்டில் இருக்கிற பெருமையில் மிதந்துகொண்டிருந்த எனக்கு, இரவெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் பகலெல்லாம் எங்களைப் பார்க்கிற என் அம்மாவுக்குச் சொல்லிக்கொள்ள அப்படி என்ன பாவம் இருக்க முடியும் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.